அத்தியாயம் 4: கவசத்தைக் கொடுங்கள், எலும்பைக் கொடுக்காதீர்கள்

முதல் ஒப்பந்தம் வெற்றி. இரண்டாவதும் வெற்றி. மூன்றாவதில் எதிரியின் நான்கு ரோபோக்களையும் சாய்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் என்னுடைய நான்கில் இரண்டு பட்டறையில் கிடக்கின்றன. பிளாக்ஜாக் என்ற ரோபோவின் வலது கை, அதிலிருந்த பீரங்கியோடு சேர்ந்து போய்விட்டது. ஸ்பைடர் என்ற இன்னொன்றை ஓட்டிய டெக்கர் உயிரோடு இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. எல்லோருக்கும் சம்பளம் போட வேண்டும். பழுது பார்த்து முடிக்க அதைவிட அதிக நாள் ஆகும் என்று திரை சொன்னது. மிச்சமிருந்த இரண்டு ரோபோக்களை வைத்துக்கொண்டு அவசரமாக இன்னொரு ஒப்பந்தத்தில் இறங்கினேன். பேட்டில்டெக் ஆட்டத்தில் நான் நடத்திய முதல் கூலிப்படை அத்தோடு திவாலானது.

அதுவரை ஒரு சண்டையில்கூட நான் தோற்றிருக்கவில்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தைச் சண்டையில் வெல்வது எப்படி என்று தொடங்காமல், சண்டை முடிந்து வீடு திரும்புவது எப்படி என்று தொடங்குகிறேன்.

ஆட்டத்தின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோர்டன் வைஸ்மனும் அவருடைய கூட்டாளி ராஸ் பாப்காக்கும் நடத்திய ஃபாஸா என்ற அமெரிக்க நிறுவனம், 1984இல் பேட்டில்ட்ராய்ட்ஸ் என்ற பெயரில் ஒரு மேசை விளையாட்டை வெளியிட்டது. 'ட்ராய்ட்' என்ற சொல்லுக்கு ஸ்டார் வார்ஸ் படக்காரர்கள் உரிமை கோரியதால் மறுபதிப்பில் அது பேட்டில்டெக் ஆனது. அறுகோணக் கட்டங்கள் போட்ட அட்டையில் சிறு பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டி, தாளில் கவசப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். அதே வைஸ்மன் பின்னாளில் தொடங்கிய ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ், 2015இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக ரசிகர்களிடமிருந்தே 27 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2018 ஏப்ரலில் கணினி ஆட்டமாக இதைக் கொண்டுவந்தது. வெளியிட்டது பாரடாக்ஸ் இன்டராக்டிவ். திரையில் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தாளும் பென்சிலும் உள்ளே அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு ரோபோவின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனிக் கணக்கு. ஆடுபுலி ஆட்டம் போல மாறி மாறித்தான் நகர்த்த முடியும்; விரல் வேகம் தேவையே இல்லை, யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கதை 3025ஆம் ஆண்டில் நடக்கிறது. நீங்கள் ஒரு கூலிப்படையின் தலைவர். மனிதர் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் இந்த ராட்சத ரோபோக்களுக்கு மெக் என்று பெயர். நான்கு மெக் சேர்ந்தது ஒரு லான்ஸ். அரியணை பறிபோன கமியா அரானோ என்ற இளம் அரசிக்காகச் சண்டை போடுவது பெருங்கதை. அதற்கு இடையிடையே வயிற்றுப்பாட்டுக்காகச் சிறு ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக விளையாடுபவர் மூழ்கிப்போவது அந்தச் சிறு ஒப்பந்தங்களில்தான்.

எது இலவசம், எது விலை

மெக்கின் உடலில் இரண்டு அடுக்குகள் உண்டு. வெளியே கவசம், உள்ளே எலும்புக்கூடு. கை, கால், தலை, நெஞ்சின் நடு, நெஞ்சின் இரு பக்கங்கள் என எல்லா உறுப்புகளுக்கும் இந்த இரண்டும் தனித்தனியாக உண்டு. நெஞ்சுக்கு மட்டும் முதுகுப்புறக் கவசம் வேறு.

கவசம் எவ்வளவு உதிர்ந்தாலும் சண்டை முடிந்ததும் தானாகவே நிரம்பிவிடும். ஒரு நாள்கூட ஆகாது, ஆட்டத்தின் பணமான சி-பில் ஒன்றுகூடச் செலவில்லை. எலும்புக்கூட்டில் சிராய்ப்பு பட்டாலோ கதையே வேறு. பழுது பார்க்க நாளும் ஆகும், பணமும் ஆகும். உறுப்பே போய்விட்டால் அதில் பொருத்தியிருந்த ஆயுதமும் போய்விடும். நெஞ்சின் ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கத்துக் கையும் கூடவே விழும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். பேட்டில்டெக்கில் தலைப்பாகை இலவசம். ஒவ்வொரு சண்டைக்கும் புதிதாக ஒன்று கட்டி அனுப்புகிறார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்து வரும் அடியை எந்த மெக்கின் எந்தப் பக்கக் கவசம் வாங்கப்போகிறது? நான்கு மெக்கும் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் உரிந்துபோய் வீடு திரும்பினால் அது நல்ல சண்டை. மூன்று மெக் பளபளவென்றும் ஒன்று கையில்லாமலும் திரும்பினால், திரை வெற்றி என்று சொன்னாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

முகம் எந்தப் பக்கம்

புதியவர்கள் நகர்ந்தவுடன் சுடுவதிலேயே கண்ணாக இருப்பார்கள். நகர்வின் கடைசியில் மெக் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதையும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அதைப் பலர் கவனிப்பதே இல்லை. நேருக்கு நேர் நின்றால் எதிரியின் குண்டுகள் உடல் முழுவதும் சிதறும். இடப்பக்கத்தைக் காட்டி நின்றால் பெரும்பாலும் இடக்கை, இடக்கால், இடப்பக்க நெஞ்சு ஆகியவைதான் வாங்கும். வலப்பக்கக் கவசம் உரிந்துவிட்டதா? அடுத்த முறை இடப்பக்கத்தைத் திருப்புங்கள். முதுகை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். அங்கே கவசம் மெல்லியது. அதே காரணத்துக்காக எதிரியின் முதுகுப்புறம் போக வழி கிடைத்தால் விடாதீர்கள். ஜம்ப் ஜெட் பொருத்திய மெக் குதித்து இறங்கும்போது எந்தத் திசையை வேண்டுமானாலும் பார்த்து இறங்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே என் மெக்குகள் பெரும்பாலானவற்றில் ஜம்ப் ஜெட் வைத்திருக்கிறேன்.

அடுத்தது அசைவு. எவ்வளவு தூரம் நகர்கிறீர்களோ அவ்வளவுக்குத் தப்பும் புள்ளிகள் சேரும். மெக்கின் பெயருக்கு அருகில் சிறு அம்புகளாகத் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றால் புள்ளியே கிடையாது. ஒவ்வொரு தாக்குதலும் ஒரு புள்ளியைத் தின்றுவிடும். இதிலிருந்து இரண்டு பழக்கங்கள் வர வேண்டும். உங்கள் மெக் எப்போதும் கொஞ்சமாவது நகர்ந்துகொண்டே இருக்கட்டும். வேகமாக ஓடும் எதிரியைத் தாக்கும்போது பலவீனமான ஆயுதம் உள்ளவர்களை முதலில் சுடச் சொல்லுங்கள். அவர்கள் அம்புகளை உதிர்த்த பிறகு பெரிய பீரங்கிக்காரர் சுடட்டும். பெரிய பீரங்கியை முதலில் வெடித்துவிட்டு, குறி தவறியதே என்று வருந்துவதில் பயனில்லை. குட்டி மெக் ஒன்று பக்கத்திலேயே வந்து ஆட்டம் காட்டுகிறதா? காலால் உதையுங்கள். கைகலப்புக்குத் தப்பும் புள்ளிகள் செல்லாது. லோகஸ்ட் அப்படியொரு குட்டி மெக்; ஐம்பது டன் உதையைத் தாங்கும் லோகஸ்ட்டை நான் பார்த்ததில்லை.

நிலைகுலைவு என்று இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஏவுகணைகளும் பீரங்கிக் குண்டுகளும் மெக்கை ஆட்டம் காண வைக்கும். அளவு மீறினால் அது விழும். விழுந்தால் உள்ளே இருக்கும் பைலட்டுக்குக் காயம். விழுந்து கிடக்கும் மெக்கின் எந்த உறுப்பை வேண்டுமானாலும் குறிவைத்துச் சுடலாம். உங்கள் மெக்கின் நிலைகுலைவுப் பட்டை ஏறிவிட்டால் அந்த முறை சுட வேண்டாம். பிரேஸ் கொடுத்துக் காலை ஊன்றி நில்லுங்கள். ஒரு முறை சுடாமல் போவது, ஒரு மாதம் மருத்துவ அறையில் கிடப்பதைவிட மேல்.

காத்திருக்கும் வித்தை

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வொரு சுற்றும் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. எண்கள் மேலிருந்து கீழாக இறங்கிவரும். 20 முதல் 35 டன் வரையுள்ள இலகு மெக்குகள் சாதாரணமாக நான்காவது கட்டத்தில் நகரும். 40 முதல் 55 டன் வரை நடுத்தரம், மூன்றாவது கட்டம். 60 முதல் 75 வரை கனம், இரண்டாவது. 80 முதல் 100 வரை பெருங்கனம், ஒன்றாவது. அதாவது எடை குறைந்தவர் முந்துவார், கூடியவர் பிந்துவார்.

முந்துவது எப்போதும் நல்லது என்று தோன்றும். அப்படி இல்லை. உங்கள் முறை வந்ததும் ரிசர்வ் கொடுத்தால் அந்த மெக் பிந்தைய கட்டத்துக்குத் தள்ளிப்போகும். நடுத்தர மெக் ஒன்று மலைக்குப் பின்னால் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் ஒரு கன மெக். மூன்றாவது கட்டத்தில் நீங்கள் வெளியே வந்து சுட்டால், இரண்டாவது கட்டத்தில் அது உங்களைச் சுடும். மாறாக ரிசர்வ் கொடுத்துக் காத்திருங்கள். எதிரி நகர்ந்து முடிக்கட்டும். ஒன்றாவது கட்டத்தில் வெளியே வந்து சுடுங்கள். சுற்று முடிந்துவிட்டது. அடுத்த சுற்றில் மூன்றாவது கட்டம் உங்களுடையது. எதிரிக்கு முறை வருவதற்குள் இன்னொரு தடவை சுட்டுவிடலாம். நீங்கள் இரண்டு தடவை அடித்தாயிற்று. இடையில் அதற்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை.

இதை நான்கு மெக்கும் சேர்ந்து ஒரே எதிரிமேல் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு எதிரியைப் பிரித்துக்கொள்வது வீரமாகத் தோன்றும். ஆனால் நான்கு எதிரிகளும் கடைசிவரை சுட்டுக்கொண்டே இருப்பார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அம்மி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எதிரி விழுந்தால் அடுத்த சுற்றில் உங்கள் கவசம் வாங்கும் அடியில் கால் பங்கு குறைகிறது.

பட்டறையில் ஒரு மாலை

கம்பெனி கைக்கு வரும்போது கூடவே வரும் மெக்குகளை அப்படியே போருக்கு அனுப்பாதீர்கள். பிளாக்ஜாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 45 டன். இரண்டு கைகளிலும் ஏசி-2 என்ற சிறு பீரங்கி. ஒவ்வொன்றும் 6 டன் எடை, ஒரு குண்டுக்கு 25 சேதம். அதே மெக்கிலிருக்கும் மீடியம் லேசரும் 25 சேதம்தான் தருகிறது. அதன் எடை 1 டன், குண்டும் தேவையில்லை. ஏசி-2 வெகுதூரம் சுடும் என்பது உண்மை. அந்தத் தூரத்துக்காக 12 டன் கொடுப்பது எனக்குச் சரியென்று படவில்லை. இரண்டையும் கழற்றுங்கள். ஒரு டன் கவசம் என்பது 80 புள்ளி. கழற்றிய எடையில் ஒரு பகுதியைக் கவசத்துக்குக் கொடுத்து முன்பக்கத்தை முழுக்க நிரப்புங்கள். மிச்சத்தில் வெப்பம் தணிக்கும் ஹீட் சிங்க் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆயுதம் பொருத்தும் இடங்கள் வகைவாரியாகக் கட்டுப்பட்டவை. பீரங்கி இருந்த இடத்தில் லேசர் ஏறாது.

தலைக்கவசத்தை எல்லா மெக்கிலும் உச்சத்துக்கு, அதாவது 45க்கு, ஏற்றிவிடுங்கள். தலையின் எலும்புக்கூடு 16. இரண்டும் சேர்த்து 61. ஏசி-10 பீரங்கியின் ஒரு குண்டு 60. ஒரே ஒரு புள்ளியில் உங்கள் பைலட் உயிர் பிழைக்கிறார்; காயம் படும், ஆனால் பிழைப்பார். 100 சேதம் தரும் ஏசி-20க்கு எந்தத் தலையும் தாங்காது. அந்தப் பீரங்கி ஏந்திய எதிரி களத்தில் இருந்தால் முதல் குறி அதுதான்.

வெப்பத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஆயுதமும் வெப்பம் கிளப்பும், குதித்தாலும் ஏறும். எல்லை தாண்டினால் மெக் தன் எலும்பையே தான் சுட்டுக்கொள்ளும். எதிரி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துவிடக் கூடாது. எல்லா ஆயுதங்களையும் ஒவ்வொரு முறையும் சுட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்றிரண்டை அணைத்துவிட்டுச் சுடலாம். ஏரி, ஆறு இருந்தால் தண்ணீரில் நின்று சுடுங்கள். வெப்பம் சீக்கிரம் தணியும். காற்றில்லாத நிலவிலும் பாலைவனத்திலும் தணிய நேரமாகும். அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு லேசர் நிறைந்த மெக்கைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பைலட்டுகளின் திறமைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். முன்னால் நின்று அடி வாங்குபவருக்கு அடியைக் குறைக்கும் புல்வார்க், எதிரியைத் தேடிப்போகும் ஒருவருக்கு சென்சார் லாக். தொடக்கத்துக்கு இது போதும். ஒருவர் 3 சிறப்புத் திறன்களுக்கு மேல் கற்க முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்து நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

எதிரியின் எலும்பு

உங்கள் எலும்பு உங்களுக்குச் செலவு என்றால் எதிரியின் எலும்பு உங்களுக்கு வரவு. கதைப் பாதையில் ஒரு மெக்கின் 3 பாகங்கள் சேர்ந்தால் முழு மெக் கிடைக்கும். எதிரியை எப்படி வீழ்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பாகங்களின் எண்ணிக்கை மாறும். நடு நெஞ்சைப் பிளந்து அழித்தால் 1 பாகம்தான் மிஞ்சும். இரண்டு கால்களையும் ஒடித்தால் 2. பைலட்டை மட்டும் செயலிழக்கச் செய்து மெக்கை விட்டுவைத்தால் 3, அதாவது முழு மெக்.

அதனால் களத்தில் நீங்கள் ஆசைப்படும் மெக் ஒன்று வந்தால் மற்றவற்றை முதலில் முடித்துவிட்டு அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மாட்டியதும் ஏவுகணைகளால் ஆட்டி விழ வையுங்கள். விழும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பவருக்குக் காயம். எழுந்தால் மறுபடி விழ வையுங்கள். பொறுமை வேண்டும். ஒரு தடவை 55 டன் மெக் ஒன்றை இப்படி ஏழு சுற்று துரத்தி, கீறலோடு முழுசாக எடுத்து வந்தேன். இத்தனை ஆண்டு விளையாடியும் அந்த ஏழு சுற்றைப் போல மகிழ்ச்சி தந்தது குறைவு. ஆனால் உங்கள் மெக்கில் ஏதாவது ஒன்றின் கவசம் கிழிந்து எலும்பு தெரியத் தொடங்கினால் ஆசையை விட்டுவிட்டு நடு நெஞ்சில் சுடுங்கள்.

ஒப்பந்தம் எடுக்கும்போதே பணமா, போர்க்களத்தில் மிஞ்சும் பொருட்களா என்று பேரம் பேசலாம். மாதச் செலவுக்குத் தேவையான பணத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் உள்ளதை எல்லாம் பொருட்கள் பக்கம் தள்ளுங்கள். தொடக்கக் காலத்தில் கடையில் காசு கொடுத்து வாங்கும் மெக்கைவிடக் களத்தில் பொறுக்கிச் சேர்க்கும் மெக்தான் கம்பெனியை வளர்க்கும். ஒப்பந்தத்தின் கடினத்தை மண்டையோட்டுப் படங்களால் காட்டுவார்கள். தொடக்கத்தில் ஒன்று, ஒன்றரை மண்டையோட்டைத் தாண்டாதீர்கள்.

திரும்பிவிடுதல்

திரையில் பின்வாங்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. என் முதல் கம்பெனி திவாலாகும்வரை அதை நான் தொட்டதில்லை. குறிக்கோளின் ஒரு பகுதியையாவது முடித்த பிறகு பின்வாங்கினால் முழுத் தொகை வராது, ஆனால் பெயர் கெடாது. எதுவும் செய்யாமல் ஓடினால்தான் அவப்பெயர். காவலுக்கு நின்ற எதிரிகளைச் சாய்த்த பிறகு எதிர்பாராமல் இரண்டாவது படை வந்து இறங்குகிறது, உங்கள் நான்கில் இரண்டுக்கு எலும்பு தெரிகிறது என்றால், அப்போதே கப்பலைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது கம்பெனியைத் தொடங்கியபோது டெக்கர் மறுபடி வந்து சேர்ந்தார். ஆட்டம் எல்லோருக்கும் தொடக்கத்தில் தரும் பைலட்டுகளில் அவரும் ஒருவர். ஸ்பைடர் 30 டன் எடை, மெல்லிய கவசம், இரண்டே லேசர். அவரை அதில் ஏற்றவில்லை. ஷேடோ ஹாக் என்ற மெக்கில் உட்கார வைத்து, முன்பக்கக் கவசத்தை நிரப்பி, தலையை 45க்கு ஏற்றினேன். பைலட்டுக்கு மாற்று வண்டி கிடைத்ததும் ஸ்பைடரைப் பட்டறையிலிருந்து கிடங்குக்கு மாற்றிவிட்டேன். கிடங்கில் இருக்கும் மெக்குக்கு மாதப் பராமரிப்புச் செலவு இல்லை. அந்த மாதச் சம்பளத்தை நாள் தவறாமல் போட முடிந்தது.